தட்டாமல் விட்ட பல்

இன்று மதியம் மஞ்சுளா அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள். வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடிதான். ஆனால் அதில் இனி யாருடைய பல்லும் தெரியாது. வட்டம் முழுக்க மங்கி, ஓரத்தில் ரசம் உரிந்து, பேஷண்டுக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கியது. குப்பையில் போடாமல் அதை மீட்டிங்குக்கு என்று எடுத்து வைத்தவள் நீ. நீ போன பிறகு அது எங்கே என்று நான் தேடவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் நல்லது என்று இருந்துவிட்டேன். மஞ்சுளா தன் ரிசப்ஷன் டிராயரில், ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைத்திருந்திருக்கிறாள்.

"மேடம், இன்னிக்குப் புதன்கிழமை. மத்தியானத்துக்கு அப்பாயின்ட்மென்ட் எதுவும் போடல. போனையும் சைலன்ட்ல போட்டுட்டன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, உன்மேல். உன்மேல் வருகிற கோபத்தை இத்தனை மாதமாக யார் யார் தலையிலோ இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். லேட்டாகப் பல்செட் அனுப்பிய லேப்காரர், வண்டியைக் குறுக்கே நிறுத்திய பக்கத்துக் கடைக்காரர் என்று கிடைத்தவர்களெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு அதை உரிய இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை. அதில் புதிதாக ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தபோதும் நான் எழுதிக் கொடுத்த எதையும் நீ முதல் வரிக்கு மேல் படித்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரும் உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்று இந்த வம்பை ஆரம்பித்தவள் என்னவோ நான்தான். காலேஜில் ஒன்றாகப் படித்தோம், ராயக்கோட்டை ரோட்டில் ஒன்றாகக் கிளினிக் திறந்தோம், ஆளுக்கு ஒரு நாற்காலி. எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்து நான் நீளமாக ஒரு பட்டியல் தயாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னதுமே மீட்டிங் பாதி செத்துவிட்டது என்று நீ பிறகு சொன்னாய். ரிசப்ஷன் மஞ்சுளா கொட்டாவியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைக்கிற சரசு, வீட்டில் போட்டுவிட்டு வந்த துணியை நினைத்துக்கொண்டிருந்தாள். ஏசி ஒழுகுகிறது, போர்டு லைட் எரியவில்லை, பேஷண்ட் செருப்போடு உள்ளே வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் யாராவது "பாத்துக்கலாம்" என்றார்கள். அடுத்த மீட்டிங்குக்கும் அதே பட்டியலைத் தேதி மாற்றிக் கொண்டுபோனேன்.

இடம்தான் சரியில்லை என்று நீ ஒருமுறை எல்லோரையும் கெலவரப்பள்ளி டேமுக்கு ஓட்டிக்கொண்டு போனாய். காற்று என் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போனது. சரசு அதன் பின்னால் ஓடியதுதான் அன்றைக்கு நடந்த ஒரே வேலை. நான் எங்கள் ஊர் காவேரிப்பட்டினத்திலிருந்து வாங்கி வந்த நிப்பட்டுத் தட்டையை எல்லோரும் கடித்துத் தின்றோம். "கல்லு மாதிரி இருக்கே. பேஷண்ட் புடிக்கறதுக்கு உங்க ஊர்ல நல்ல வழி வெச்சிருக்கீங்கடி," என்றாய். திரும்பி வரும்போது காரில் கேட்டாய்:

"ஏமே, பேஷண்ட் வந்து சேர்ல உக்காந்ததும் மொதல்ல என்ன கேப்ப?"

"எங்க வலிக்குதுன்னு கேப்பன்."

"அவங்க கிட்ட லிஸ்ட் படிப்பியா?"

"இல்ல."

"அப்பறம் நம்ம ஆளுங்களுக்கு மட்டும் என்னாத்துக்கு லிஸ்ட்டு? அடுத்த தடவ நான் நடத்தறன். நீ வாய மூடிக்கிட்டு உக்காரு."

அன்றிலிருந்து மீட்டிங் உன்னுடையது ஆகிவிட்டது. புதன்கிழமை மதியம், சம்பளம் உள்ள வேலை நேரத்திலேயே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. எடுத்ததும் மூன்று பாஷையில் கேட்பாய். "எங்க வலிக்குது? எல்லி நோவு? எக்கட நொப்பி?" ஓசூரில் காலையில் வருகிறவர் தமிழ், அடுத்தவர் கன்னடம், அதற்கடுத்தவர் உன்னைப்போல வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மூன்றையும் சேர்த்துக் கேட்பது நமக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டிருந்தது. அதைப் பேஷண்டிடம் கேட்கிற அதே குரலில் மஞ்சுளாவிடமும் சரசுவிடமும் என்னிடமும் கேட்டாய். ஆளுக்கு ஒரு வலிதான் சொல்லலாம். எல்லோரும் சொன்ன பிறகு அதில் ஒன்றைத்தான் எடுப்போம். மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். எடுத்த ஒன்றைச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதி, அதற்கு நேராக ஒரு பெயர் எழுதுவோம். ஒரே ஒரு பெயர். வேலை முடிந்ததும் அந்தப் பெயருக்கு உரியவரே வந்து அழிக்க வேண்டும். வேறு யாரும் துடைப்பானைத் தொடக் கூடாது.

"நாலு பேர் ஒரு பல்ல புடுங்க முடியாது. கொறடு ஒருத்தர் கையிலதான் இருக்கணும்," என்பாய்.

இந்தக் கண்ணாடி வந்தது அதற்குப் பிறகு. சரசு எப்போது கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க மேடம்" என்பாள். நீ ஒருநாள் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் அவளுக்கு முன்னால் மேஜையை டொக் டொக் என்று தட்டினாய். சரசுவுக்கு உடனே புரிந்துவிட்டது. தினமும் பார்க்கிறாள் இல்லையா. பல்வலியில் துடித்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து, தானாகவே சரியாகிவிட்டது என்பார். சரியாகியிருக்காது. உள்ளே நரம்பு செத்திருக்கும். சீழ் சத்தமில்லாமல் வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கும். காம்பால் அந்தப் பல்லை லேசாக ஒரு தட்டு தட்டினால் ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

"வலிச்சா பயமில்ல. வலி நின்னா தான் பயப்படணும். சொல்லு சரசு," என்று மறுபடியும் தட்டினாய்.

அவள் சிரித்தாள், பிறகு சொன்னாள். நாம் இருவரும் பேஷண்டை இழுத்துக்கொண்டே போவதில் அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைச் சாயங்காலம்தான் திறக்கிறாளாம். அதைச் சொல்ல அவளுக்கு அத்தனை கூச்சம். அந்த மூன்று மாதத்துக்கு அதுதான் நம் வேலை. பலகையில் என் பெயரைப் போட்டாய். மதியம் ஒரு மணிக்கு வாயைத் திறந்துகொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் மூடவைத்து அனுப்பக் கற்றுக்கொண்டேன். முடிந்ததும் நானே போய் அழித்தேன், நீங்கள் மூன்று பேரும் கை தட்டினீர்கள். என் வாழ்க்கையில் சான்றிதழ் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இதையெல்லாம் எழுதும்போது உன்னைப் புகழ்வது மாதிரி ஆகிவிடுகிறது. அதற்காக நான் உட்காரவில்லை.

உன் கடைசி மீட்டிங்குக்கு வருகிறேன். அன்றைக்கு நீ தட்டியது மஞ்சுளாவுக்கு முன்னால்தான். டொக் டொக் என்று தட்டியதும், காலையில் கிளினிக் வாசலில் நடப்பதைச் சொன்னாள். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக இங்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ரூமுக்குப் போய்ப் படுத்தால் எழுந்திருக்க முடியாது, அடுத்த ஷிப்ட்டுக்கு நேரமாகிவிடும். நாம் பத்து மணிக்குத் திறக்கும்போது அவர்கள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள், கன்னம் வீங்கியபடி.

"நான்தான் மேடம் எழுப்பறன். தெனமும். எழுப்பறப்போ அவங்க முழிக்கற முழி இருக்கே, பாக்க முடியல," என்றாள் மஞ்சுளா.

நீ வாரத்தில் சில நாள் காலை ஆறு மணிக்குத் திறக்கலாம் என்றாய். யார் வருவது, எக்ஸ்ரேவுக்கு யார், சரசுவுக்குப் பஸ் உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தோம். "என் பேர் போடு," என்றாய். நான் உன் பெயரை நீல மார்க்கரில் எழுதினேன். எழுதியது என் கை.

அப்புறம்தான் மஞ்சுளா விளையாட்டாக, "உங்களுக்கு எங்க மேடம் வலிக்குது? நீங்க சொல்லவே இல்லியே," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல," என்றாய் நீ. சிரித்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தோம். யாரும் தட்டவில்லை. எப்படித் தட்டுவது? கண்ணாடி உன் கையில்தான் இருந்தது. உன் மீட்டிங்கில் எல்லாவற்றுக்கும் விதி வைத்தாய். கண்ணாடி வைத்திருக்கிறவளை யார் தட்டுவது என்பதற்கு மட்டும் விதி வைக்கவில்லை. அப்போது யாராவது கேட்டிருந்தால் மறந்துவிட்டாய் என்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன்.

அதற்கு முன்பே உனக்குத் தெரியும். கணையத்தில் வந்தது, கல்லீரலுக்குப் போய்விட்டது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஊசி, மருந்து என்று இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், வலிக்கு மட்டும் வாரம் ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நீ முடிவும் எடுத்துவிட்டிருக்கிறாய். என்னிடம் என்ன சொன்னாய்? வியாழக்கிழமைதோறும் பெங்களூரில் இம்ப்ளான்ட் கோர்ஸ் போகிறேன் என்றாய். அத்திப்பள்ளி டிராபிக்கில் மாட்டிக்கொண்டதைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாய். நான் உன் பேஷண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, சர்டிபிகேட்டை எங்கே மாட்டுவது என்று சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் உடம்பு இளைத்தது. "என்ன டயட்டுடி?" என்று கேட்டேன். "ராத்திரிக்கு ராகிக்களிதான்," என்றாய். எனக்குக் களி ஆகாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் வீட்டுக்குப் போய்க் களி கிண்டித் தின்றேன். தினமும் தின்றேன். நீ உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாய், நான் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் களி தின்றுகொண்டிருந்தேன். இதை என்னால் எப்படி மறக்க முடியும், நீயே சொல்.

உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது நான் ஒரு பாட்டிக்குப் பல்செட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவர் வராந்தாவில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவளுக்கு முன்னாடியே தெரியுங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா," என்றார்.

உங்ககிட்ட மட்டும். அந்தச் சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அக்காவுக்குத் தெரியும். உன் கீழ்வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது. தினமும் உன்னோடு ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வேலை பார்த்தவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

உள்ளே வந்தேன். உன் கண் மஞ்சளாக இருந்தது. நான் அழவில்லை, சண்டை போடத்தான் வந்தேன்.

"ஏன்டி சொல்லல?"

நீ உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னாய். "சொல்லியிருந்தா பலகையில என் பேர் போட்டிருப்பியா?"

போட்டிருக்க மாட்டேன். மார்க்கரைப் பிடுங்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போ, படு, ரெஸ்ட் எடு என்று உன்னை உயிரோடு இருக்கும்போதே பேஷண்ட் ஆக்கியிருப்பேன். உனக்கு அது தெரிந்திருந்தது. இன்னும் ஒரு மூன்று மாதம் உன் பெயருக்கு நேராக ஒரு வேலை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாய். சரி, உன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு என்ன மிச்சம் வைத்தாய் என்று நீ யோசித்தாயா? உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வியாழக்கிழமைகளை எல்லாம் நீ இம்ப்ளான்ட் கோர்ஸில் போட்டுவிட்டாய். உனக்கு வேண்டியதை நீ எடுத்துக்கொண்டாய். நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், நீ கேட்கக்கூட இல்லை.

அந்த வாரமே நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு மீட்டிங் நடக்கவில்லை. காலை ஆறு மணிக்குத் திறப்பதைப் பற்றி மஞ்சுளா இரண்டொரு தடவை மெல்ல ஆரம்பித்தாள். "அது அவங்க பேர்ல இருக்கற வேலை. பேர் போட்டவங்க வந்து செய்யட்டும், வந்து அழிக்கட்டும்," என்று சொல்லி வாயை அடைத்தேன். விதி விதிதானே. நீ வைத்த விதி. நைட் ஷிப்ட் ஆட்கள் படிக்கட்டிலேயே தூங்கினார்கள். நான் பத்து மணிக்கு அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். உன் பெயர் பலகையில் இருந்தது.

இன்று உட்கார்ந்தது நான்கு பேர். உன் நாற்காலியில் இப்போது நிவேதா என்று ஒரு டாக்டர் வேலை பார்க்கிறாள். திருநெல்வேலிப் பக்கம், இவளும் கெட்டிக்காரிதான். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரு பேரு மேடம் இது? மார்க்கர் காஞ்சு ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கு. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சா போயிரும். தொடைக்கட்டுமா?" என்று எழுந்தாள்.

சரசு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிவேதா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

மஞ்சுளா கண்ணாடியை எடுத்தாள். சரசுவிடம் கேட்டாள். முழங்கால் வலிக்குது, நிஜமாவே வலிக்குது என்றாள் சரசு. நிவேதா யோசித்து, எக்ஸ்ரே ரூம் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாள். அப்புறம் மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். அவள் உன்னைப்போலக் கேட்கவில்லை. அவள் வீட்டுப் பாஷையான கன்னடத்தில், மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், எல்லி நோவு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மேல போ," என்றேன்.

டொக் டொக் என்று தட்டினாள்.

"மஞ்சு, மேல போன்னு சொன்னன்ல."

மறுபடியும் தட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் கையை நிறுத்தவில்லை. அன்றைக்கு உனக்கு முன்னால் இப்படி ஒருத்தி விடாமல் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. நீ போயிருப்பாய், எப்படியும் போயிருப்பாய். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பாய்.

அப்புறம் நான் சொன்னேன். எல்லோர் முன்னாலும், வெட்கமில்லாமல் சொன்னேன். அவமேல எனக்குக் கோபம், அவ என்கிட்ட சொல்லல, அதுதான் வலிக்குது, வேற எங்கேயும் வலிக்கல என்றேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. உன் மீட்டிங்கில் வலிக்குச் சமாதானம் சொல்வது வழக்கம் இல்லை. அடுத்து எதை எடுப்பது என்றுதான் கேட்பார்கள். மஞ்சுளாவும் அதைத்தான் கேட்டாள். காலை ஆறு மணியை எடுப்போம் என்றேன்.

இரண்டு விதி இன்று புதிதாகப் போட்டிருக்கிறேன். நீ இல்லாததால் எதிர்க்க ஆளில்லை. கண்ணாடி இனி ஒருத்தர் கையிலேயே இருக்காது, வட்டமாகச் சுற்றி வரும், வைத்திருக்கிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தட்ட வேண்டும். இன்னொன்று, பெயரை அழிக்க உரியவர் வர முடியாவிட்டால் அந்தப் பெயர் அப்படியே இருக்கலாம். உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பலகை அசிங்கமாகத்தான் இருக்கிறது. நிவேதாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

வருகிற திங்கட்கிழமை காலையில் நான் போய் ஷட்டரைத் தூக்க வேண்டும். படிக்கட்டில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குவதற்கு முன்பே அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தப் பாஷை என்று தெரிகிறவரை மூன்றிலும் கேட்பேன். அது உன் வேலை. நான் செய்கிறேன். உன்னை மன்னித்துவிட்டதால் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

கண்ணாடியை மஞ்சுளா திரும்பக் கேட்டாள். கொடுக்கவில்லை. அடுத்த மீட்டிங் வரை என்னிடம் இருக்கட்டும் என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இதை எழுதிக்கொண்டே அதன் காம்பால் மேஜையைத் தட்டிப் பார்க்கிறேன். வலிக்கிறதடி. நின்றுவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நீதானே. நிற்கவில்லை.